கோட்டை மதிலைத் தொட்ட அலை எங்கே போயிற்று?

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் எதிரே ராஜாஜி சாலை. அதற்கும் அப்பால் துறைமுகத்தின் நிலம், கிடங்குகள், கன்டெய்னர் லாரிகள். கடலைக் கண்ணால் பார்க்க இன்னும் நடக்க வேண்டும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டு நகரப் படங்களில் அந்தப் பக்கத்து வாசலுக்குக் 'கடல் வாசல்' என்றுதான் பெயர். வாசலுக்கும் அலைக்கும் நடுவே மெல்லிய ஒரு மணல் பட்டை, அவ்வளவே. கோட்டை அங்கேயேதான் இருக்கிறது. கடல் எங்கே போயிற்று?

இதற்குச் சாட்சி சொல்ல வரிசையாக ஆட்கள் இருக்கிறார்கள். 1710-ஐ ஒட்டி, கவர்னர் தாமஸ் பிட் அளக்கச் சொல்லி வரைந்த படம் ஒன்று. 1733-இன் நகரப் படம் ஒன்று. 1822-ல் கேப்டன் ரேவன்ஷா வரைந்தது. 1893-ல் கான்ஸ்டபிள் நிறுவனம் வெளியிட்ட இந்திய அட்லஸில் உள்ள மதராஸ் பக்கம். கடைசியாக, இன்று நம் கைப்பேசியில் விரியும் செயற்கைக்கோள் படம். ஒவ்வொன்றும் ஒரு நாளின் சாட்சி. ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியாக அடுக்கிவிட்டால், கரை எப்போது எங்கே நின்றது என்று ஒரு வரலாறே கிடைத்துவிடும்.

சரியாக அடுக்குவதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. பழைய படம் ஒன்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினால், அதற்குத் தான் பூமியில் எந்த இடத்தைக் காட்டுகிறோம் என்பது தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். இதைப் புவியிடப் பொருத்தம் என்கிறார்கள்: படத்தில் உள்ள ஒரு புள்ளியை, பூமியில் அதே புள்ளியின் அட்சரேகை தீர்க்கரேகையோடு முடிச்சுப் போடுவது. இப்படிக் குறைந்தது மூன்று முடிச்சுகள் வேண்டும். மூன்று இருந்தால் படத்தைத் திருப்பலாம், சுருக்கலாம், விரிக்கலாம். பத்து, பதினைந்து இருந்தால் அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. எந்த முடிச்சு மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இழுக்கிறது என்று கணினியே காட்டிக்கொடுக்கும். அந்த இழுப்பின் அளவிலிருந்து, வரைந்தவர் எத்தனை மீட்டர் தவறியிருக்கிறார் என்று கணக்கிட்டுவிடலாம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வேலை செய்த ஒருவரின் கைத்திறனுக்கு இன்று மதிப்பெண் போட முடிகிறது.

முடிச்சுப் போட நகராத பொருள் வேண்டும். மரம் ஆகாது, தெருமுனை ஆகாது, ஆற்றின் வாய் ஆகவே ஆகாது. சென்னைக்கு இதில் நல்ல யோகம். கோட்டைக்குள் 1680-ல் திறந்த புனித மேரி தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1772-ஆம் ஆண்டு ஆர்மீனியர் தேவாலயம், 1821-ஆம் ஆண்டு எழும்பூர்ப் புனித ஆண்ட்ரூ தேவாலயம் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றையும் விஞ்சுவது கலங்கரை விளக்கங்கள். 1796-ல் முதல் விளக்கு கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் கூரைமேல் எரிந்தது. இரண்டாவது 1844-ல் எழுந்த கல் தூண். இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. மூன்றாவது 1894-ல் உயர் நீதிமன்றத்தின் குவிமாடத்திலேயே ஏறிக்கொண்டது. நான்காவது 1977 முதல் மெரினாவில். கப்பல்காரர்களின் உயிர் அந்த ஒளியை நம்பியிருந்ததால், கடலோரப் படம் வரைந்த எவரும் விளக்கின் இடத்தில் மட்டும் அலட்சியம் காட்டமாட்டார்கள்.

முடிச்சுகள் கிடைத்தாலும் படம் அவ்வளவு எளிதில் படியாது. காரணம், காகிதம். செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தை ஈரக் காகிதத்தில்தான் அழுத்தி எடுப்பார்கள். காய்ந்தால் காகிதம் சுருங்கும். அதுவும் நீளவாக்கில் ஒரு அளவு, குறுக்குவாக்கில் வேறொரு அளவு. ஆகவே ஒரே தகட்டில் அச்சான இரண்டு பிரதிகளில்கூட ஒரு மைல் ஒரே நீளமாக இருக்காது. இதைத் திருத்தத்தான் படத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோல் கோடு உதவுகிறது. படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்குமே!

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பிழை. 19-ஆம் நூற்றாண்டின் இந்திய நில அளவைத் துறைப் படங்களில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஓரத்தில் அச்சாகியே இருக்கும். 'எதற்கு முடிச்சும் மெனக்கெடலும், அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே' என்று தோன்றும். எடுத்துக்கொண்டால் மதராஸ் நகரம் முழுவதும், கோட்டை கோயில் தெருக்களோடு, நாலரை கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து வங்காள விரிகுடாவில் போய் உட்கார்ந்துவிடும்.

இதற்குக் காரணம் பத்து வினாடி. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் மைக்கேல் டாப்பிங் என்ற கடல் அளவையாளரின் முயற்சியால் வானாய்வகம் ஒன்று எழுந்தது. நாட்டின் தீர்க்கரேகை அனைத்தையும் அங்கிருந்துதான் எண்ணினார்கள். ஆனால் கிரீனிச்சிலிருந்து அந்த வானாய்வகம் எவ்வளவு கிழக்கே இருக்கிறது? பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசம்தான் அவற்றின் தீர்க்கரேகை வித்தியாசம். இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒப்பிட, இரண்டு இடத்திலிருந்தும் ஒரே கணத்தில் தெரியும் ஒரு நிகழ்ச்சி வேண்டும். வியாழனின் நிலவுகள் அந்தக் கிரகத்தின் நிழலுக்குள் மறையும் தருணத்தைப் பிடித்தார்கள். அருமையான யோசனைதான். ஆனால் நிலவு சட்டென்று அணையாது, மங்கி மங்கி மறையும். 'மறைந்தது' என்று எப்போது சொல்வது என்பது பார்ப்பவரின் கண்ணையும் தொலைநோக்கியின் திறனையும் பொறுத்தது. அப்படிக் கிடைத்து, 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி புழங்கிய மதிப்பு 80 பாகை 17 கலை 21 விகலை. பின்னாளில் தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்டபோதுதான், அது ஏறக்குறைய இரண்டரை கலை அதிகம் என்று உறுதியானது. நேரத்தில் சொன்னால் சுமார் பத்து வினாடி. சென்னை இருக்கும் அட்சரேகையில் பூமி வினாடிக்கு 450 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. பெருக்கிப் பாருங்கள், நாலரை கிலோமீட்டர்.

வானத்தைப் பார்த்ததில் இத்தனை வழுக்கல் என்றால், தரையில் அளந்தது நேர்மாறு. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் பரங்கிமலையை ஒட்டிச் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்தார். பிடித்த நாட்கள் 57. கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று திருப்பிவிட்டது அது என்பது அதன் பூர்வகதை. எஃகு வெயிலில் நீளும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். அற்பம்தான். ஆனால் 400 முறை போட்டு அளந்தால் ஒன்றரை மீட்டர் பிழை சேர்ந்துவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததுதான் இந்தியப் பெரும் முக்கோண அளவை. பழைய படங்களின் விசித்திரமே இதுதான்: உலகத்தில் ஊர் எங்கே என்பதில் கிலோமீட்டர் கணக்கில் தவறும், ஊருக்குள் எது எங்கே என்பதில் மிகக் கறாராக இருக்கும். ஆகவே ஓரத்து எண்களை விட்டுவிட்டுத் தேவாலயக் கோபுரத்தை நம்பவேண்டும்.

படம் படிந்துவிட்டது. இனிக் கரைக்கோட்டைப் படிக்கலாமா? அதற்குமுன் ஒரு கேள்வி உண்டு. கரை என்று எதை வரைந்தார்கள்? அலை ஏறிய கோடா, இறங்கிய கோடா? சென்னையில் பெரிய ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் சரிவு குறைந்த மணலில் அந்த ஒரு மீட்டர் செங்குத்து உயரம், தரையில் பத்து இருபது மீட்டராக விரிந்துவிடும். போதாததற்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கரையைத் தின்னும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். எனவே இரண்டு படங்களுக்கு நடுவே கரை இருபது முப்பது மீட்டர் நகர்ந்திருந்தால் அதை வைத்து எதையும் சொல்லக்கூடாது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்றால் நிமிர்ந்து உட்காரலாம்.

சென்னையில் நிமிர்ந்து உட்கார நிறையவே இருக்கிறது. கடலுக்குப் போகுமுன் கரையில் ஒரு மாயத்தைப் பார்த்துவிடுவோம். 1733 படத்தில் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி நெருக்கமான ஒரு ஊர் இருக்கிறது: கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் அழைத்த பழைய நகரம், தெருத்தெருவாக. 1822 படத்தில் அதே இடம் வெறும் வெட்டவெளி. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் அந்த ஊரின் ஒரு பகுதியை இடித்தார்கள். கோட்டை திரும்பக் கிடைத்தபின் ஆங்கிலேயர், எதிரி ஒளிந்துவர இடம் கொடுக்கக்கூடாது, பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக்கூடாது என்று மிச்சத்தையும் துடைத்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயில் அப்போது போயிற்று. 1760-களில் வடக்கே பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் மீண்டும் எழுந்தது. பழைய கோயில் நின்ற பகுதியில் இன்று உயர் நீதிமன்றம். வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773-ல் நட்ட கூம்புக் கற்களில் ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரம் போகிறவர்கள் நின்று பாருங்கள்: சுற்றிலும் கடைகள், பேருந்துகள், ஆட்டோக்கள், நடுவில் 'இதற்குத் தெற்கே எவரும் வீடு கட்டக்கூடாது' என்று 250 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு கல்.

இப்போது கடல். அன்றைய மதராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தள்ளி ஆழத்தில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் கரைசேர மசூலா படகுதான் வழி. அதில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் பிளந்துபோகும். இருநூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு பெரிய வணிக நகரத்தின் ஏற்றுமதி இறக்குமதி முழுவதும் இந்தப் படகோட்டிகளின் தோளில்தான் ஓடியது. 1876-ல் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு கல் கரங்களை நீட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அவற்றைச் சின்னாபின்னமாக்கியது. மறுபடி கட்டினார்கள்.

கட்டியவர்கள் அலையை நிறுத்த நினைத்தார்கள். நின்றது மணல். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும். சாய்வாக ஏறும் நீர் மணலையும் சாய்வாக ஏற்றும். இறங்கும்போது சரிவைப் பார்த்து நேராக இறங்கும். ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் ஓர் எட்டு வடக்கே. இதுதான் கரையோர மணல் நகர்வு. சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள். மழைக்காலத்தில் வன்னி கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொண்டுவந்தாலும், வரவு செலவு பார்த்தால் மிச்சம் வடக்குக்குத்தான். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். ஒரு லட்சம் கன மீட்டர் என்றால் பத்தாயிரம் டிப்பர் லாரி மணல். ஓட்டுநரும் டீசலும் இல்லாமல், இரவு பகல் இந்தப் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால்?

1822 படத்தையும் 1893 படத்தையும் இன்றைய படத்தையும் அடுக்கினால் விடை கண்முன் நிற்கும். தெற்குக் கரத்தின் முழங்கையில் மணல் குவிகிறது. கரைக்கோடு கிழக்கே நகர்கிறது, நின்று, மறுபடி நகர்கிறது. மணல் சுவரைச் சுற்றிக்கொண்டு கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயையே அடைக்கப் பார்த்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயை மூடி, வடகிழக்கில் வேறொரு வாய் திறக்கவேண்டியதாயிற்று. மெரினாவின் அகலம் இந்தக் குவியலின் பரிசு. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ஐ ஒட்டி அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தபோது, மணல் வந்து சேரும் வேலை நடந்துகொண்டிருந்தது.

இதற்குச் சுவையான சாட்சி ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டியது; இன்று விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்து, மசூலா படகில் இறக்கி, இதற்குள் சேமித்தார்கள். நம் ஊர் வெயிலில் பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது சில நூறு மீட்டர் மணலில் நடப்பார்களா? கட்டடம் அங்கே நிற்பதற்குக் காரணமே கடல் பக்கத்தில் இருந்ததுதான். இன்று அதன் மாடியில் நின்றால் அலை அந்தக் கோடியில் தெரிகிறது.

தெற்கே சேர்ந்த மணல் எல்லாம் வடக்கே போயிருக்கவேண்டிய மணல். மெரினாவைப் பாராட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளில் அலை வழக்கம்போல் மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருந்தது. தெற்கிலிருந்து ஈடு வரவில்லை. கரைக்கோடு நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்துவிட்டது. பழைய படத்தில் மணலைக் குறிக்கச் செதுக்குபவர் வைத்த புள்ளிகள், இன்றைய படத்தின் மேல் அடுக்கினால் நீலத்தில் மிதக்கின்றன. எஞ்சியதைக் காக்கப் பாறாங்கல் சுவர். ராயபுரம் புனித பேதுரு தேவாலயத்தை 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது படகோட்டிகளின் சமூகமே. துறைமுகம் வந்து முதலில் அவர்களைப் போன்றவர்களின் பிழைப்பைப் பறித்தது. கப்பல் நேராகக் கரையணைந்தால் மசூலா படகு யாருக்கு வேண்டும்? அப்புறம் அதே துறைமுகத்தின் சுவர் அவர்கள் பக்கத்துக் கரையையும் பறித்தது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிய அரசு ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை. படங்களை அடுக்கினால்தான் அது தெரிகிறது.

வரைபடம் சொல்லாமல் விடுவதும் உண்டு. பிட்டின் படத்தில் கோட்டைக் கொத்தளங்கள் துல்லியம். பிற்கால வருவாய்த்துறைப் படங்களில் பட்டா நிலத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கல். ஆனால் வலை உலர்த்தும் மணல், படகு ஏற்றும் இடம், கரைவலை இழுக்கும் பாடு இவை எல்லாம் 'புறம்போக்கு' என்ற ஒரே சொல்லுக்குள், அல்லது வெற்றுக் காகிதமாக. அளந்தவர்களுக்கு வரி வரும் நிலம்தான் நிலம். வெற்றிடம் என்று படத்தில் இருந்தால் பின்னால் வருகிறவர்கள் வெற்றிடம் என்றே நம்பிவிடுவார்கள்.

இது எதிர்த் திசையிலும் நடக்கும்: பழைய படத்தில் இருப்பது புதிய படத்தில் மறைந்துவிடும். வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகம் 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் ஓதநீர் ஏறி இறங்கும் நீர்நிலை. காக்கப்பட வேண்டிய பகுதி. பின்னாளில் அரசுத் தரப்பில் புழங்கிய வேறொரு படத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம். மீனவர்களும் ஆர்வலர்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பழைய படத்தைப் பெற்று 2017-ல் பகிரங்கமாகக் கேட்டார்கள்: இந்த ஆறு எங்கே போயிற்று? பழைய வரைபடம் அருங்காட்சியகப் பொருள் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

நீங்கள் கடலோர ஊர்க்காரர் என்றால் இந்த வேலையை நீங்களே தொடங்கலாம். பழைய நகரப் படங்களும் கடற்படங்களும் பெரிய நூலகங்களின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த்துறை ஆவணங்கள் இருக்கின்றன. படங்களை அடுக்கும் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளுக்கும் காசில்லை. உங்கள் ஊர்க் கோயில், தேவாலயம் அல்லது பள்ளிவாசல், பழைய விளக்குத் தூண் என்று நகராத மூன்றைப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். பிறகு அந்தப் படத்தை ஒரு பெரிய தாளில் அச்செடுத்து, கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் முன்னால் விரித்து, 'ஐயா, இங்கே என்ன இருந்தது?' என்று கேளுங்கள். பாடு, மேடு, முகத்துவாரம் என்று அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் அந்த இடத்திலேயே பென்சிலால் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். அவற்றில் பல பெயர்கள் எந்த அரசுப் படத்திலும் இல்லை.